கால் துள்ளினால் நரம்பு பலமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரைக்காகப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சில மாதங்களாக நடக்கும்போது கால் விறைத்துக்கொள்கிறது, இழுத்து இழுத்து நடக்கிறார். சட்டைப் பொத்தான் போட அம்மா உதவ வேண்டியிருக்கிறது. வலி ஏதும் இல்லை. டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டியதும் கால் எகிறிக் குதித்தது. “இவ்வளவு வேகமாத் துள்ளுதே, அப்போ நரம்பு பலமாத்தானே இருக்கு?” என்கிறார் அப்பா. டாக்டரோ கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார். காலில் பிரச்சினை இருக்கும்போது கழுத்துக்கு எதற்கு ஸ்கேன்? (வாசகி, ஈரோடு)

பதில்: அப்பாவின் சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் விஷயம் அவர் நினைப்பதற்கு நேர் எதிர். அவருக்கு இருக்கும் மற்ற தொந்தரவுகளோடு சேர்த்துப் பார்த்தால், கால் அளவுக்கு மீறித் துள்ளுவது மூளையின் கட்டுப்பாடு வழியில் எங்கோ தடைபடுகிறது என்பதற்கான அறிகுறி. கழுத்தை ஸ்கேன் செய்யச் சொன்ன டாக்டர் சரியான இடத்தில்தான் தேடுகிறார்.

முட்டியில் தட்டும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில் அடி விழுந்ததும் தொடையின் முன்பக்கத் தசை ஒரு கணம் இழுபடுகிறது. தசை எவ்வளவு நீள்கிறது என்பதை உணர அதற்குள்ளேயே நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. அவை அனுப்பும் சமிக்ஞை தண்டுவடத்துக்குள் நுழைந்து, அதே தசையை இயக்கும் நரம்பு செல்லை நேரடியாகத் தூண்டுகிறது. நடுவில் ஒரே ஒரு இணைப்புதான். தட்டிய சுமார் 20 மில்லி விநாடிக்குள் தசை பதில் சொல்லத் தொடங்கிவிடும். மூளைக்கும் தகவல் போகத்தான் செய்கிறது, ஆனால் அதன் அனுமதிக்காகக் கால் காத்திருப்பதில்லை.

இதில் இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் நடக்கிறது. முன்தொடைத் தசை சுருங்கும் அதே நேரத்தில், தண்டுவடத்தில் உள்ள இடைநரம்பு செல்கள் பின்தொடைத் தசையை அடக்கி வைக்கின்றன. இரண்டும் ஒன்றாக இறுகினால் முட்டி எந்தப் பக்கமும் அசையாது. இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். 1932-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மூளை என்ன உத்தரவு போட்டாலும், கடைசியில் அது தண்டுவடத்தில் இருக்கும் இயக்க நரம்பு செல் வழியாகத்தான் கை கால் தசைக்குப் போயாக வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய உண்மை.

நடையும் பெருமளவு தண்டுவடத்தின் வேலைதான். தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளிலும், கால்களிலிருந்து உணர்வு வரும் வழிகளை வெட்டிய பிறகுகூட, தசைகள் நடைக்கான தாளத்தில் மாறி மாறிச் சுருங்குவதை 1911-ல் தாமஸ் கிரஹாம் பிரவுன் காட்டினார். மனிதர்களுக்கு மூளையின் துணை இன்னும் அதிகமாகத் தேவை, அது வேறு விஷயம். ஆனால் நீங்கள் பேசிக்கொண்டே நடக்கிறீர்களே, ஒவ்வோர் எட்டுக்கும் எந்தத் தசை எப்போது இறுக வேண்டும், எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கணக்கை நீங்கள் யோசிக்கிறீர்களா? அதில் பெரும்பகுதியைத் தண்டுவடம் பார்த்துக்கொள்கிறது.

அப்போது மூளைக்கு என்ன வேலை? எப்போது, எங்கே, எவ்வளவு என்று தீர்மானிப்பது. கூடவே, தண்டுவடத்தின் துடுக்கான சுற்றுகளைக் கடிவாளம் போட்டுப் பிடித்து வைப்பது. நோயாளிகள் பலருக்கும் தெரியாதது இந்த இரண்டாவது வேலைதான். காலுக்கான கட்டளைகள் மூளையிலிருந்து இறங்கும்போது கழுத்துப் பகுதித் தண்டுவடத்தைத் தாண்டித்தான் போகின்றன. அங்கே எலும்புத் தேய்மானத்தாலோ பிதுங்கிய டிஸ்க்காலோ அழுத்தம் வந்தால், கீழே உள்ள சுற்றுகள் சேதமில்லாமல் இருக்கும், ஆனால் அவற்றை அடக்க ஆள் இருக்காது. அதனால்தான் கால் விறைக்கிறது, தட்டினால் எகிறுகிறது. விரல்களின் நுட்பமான வேலை மூளையின் நேரடிக் கட்டளையை மிகவும் நம்பியிருப்பதால் பொத்தான் போடுவது, சாவி திருப்புவது, கையெழுத்து எல்லாம் தடுமாறும். வலி இல்லாமலேயே இவ்வளவும் வரலாம். அதனாலேயே பலர் தாமதமாக வருகிறார்கள்.

பிரச்சினை இடுப்பில் இருந்திருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் அல்லது இரண்டாவது கட்டை அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள். அங்கே டிஸ்க் அழுத்தினால் தசைக்குப் போகும் கம்பியே பாதிக்கப்படும். தட்டினாலும் துள்ளல் குறையும் அல்லது இருக்காது, நாளாக நாளாகத் தசை மெலியும். பல வருடச் சர்க்கரையால் வரும் கால் நரம்புப் பாதிப்பிலும் துள்ளல் குறையத்தான் செய்யும். ஆக, ஒரு சின்னச் சுத்தியல் டாக்டரை இடுப்பிலிருந்து மேலே பார்க்க வைத்திருக்கிறது. உள்ளங்காலையும் கீறிப் பார்த்திருப்பார். கீறும்போது பெரியவர்களுக்குப் பெருவிரல் மேலே எழும்பினால், மூளையிலிருந்து வரும் பாதையில் கோளாறு என்று பொருள். 1896-ல் ஜோசப் பாபின்ஸ்கி சொன்ன சோதனை அது. கைக்குழந்தைகளுக்கு அந்தப் பாதை இன்னும் முதிராததால் விரல் மேலே போவது சகஜம், பயப்பட வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால் துள்ளுகிறது என்பதை மட்டும் வைத்து யாரும் பயந்துவிடக் கூடாது. பதற்றமான இளைஞர்களுக்கும், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கும் துள்ளல் அதிகம் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு விறைப்பும் கைத் தடுமாற்றமும் சேர்ந்திருப்பதுதான் கவலைக்குக் காரணம்.

எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடாதீர்கள். கூடவே ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், அந்தக் குறைவும் தண்டுவடத்தைப் பாதித்து நடையைக் கெடுக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று காரணம் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டே மாதங்களைக் கழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அழுத்தம் இருந்தால் எந்த ஊசியும் அதை விலக்காது.

ஸ்கேனில் அழுத்தம் உறுதியானால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். லேசான பாதிப்பாக இருந்து, மோசமாகாமல் இருந்தால், கண்காணித்துப் பார்ப்பதும் உண்டு. அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. பலருக்கு நடையும் கையும் ஓரளவு தேறும், ஆனால் தாமதம் ஆக ஆகத் தேறும் அளவு குறையும். விறைப்புக்குத் தரும் பேக்லோஃபென் போன்ற மாத்திரைகள் தண்டுவடத்தை அமைதிப்படுத்தும், அழுத்தத்தை எடுக்காது.

அதுவரை சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பதும், கழுத்தைத் திருகும் மசாஜும் கூடவே கூடாது. வழுக்கும் குளியலறையில் பிடிமானம் வையுங்கள், ஒரு சின்ன விழுகைகூட நிலைமையைத் திடீரென மோசமாக்கலாம். கை கால் திடீரென வலுவிழந்தாலோ சிறுநீர் வராமல் நின்றாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சிறுநீரை அடக்க முடியாமல் ஓடுவது ஏற்கெனவே தொடங்கியிருக்கிறதா என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். மகளிடம் சொல்ல அப்பா கூச்சப்படுவார், அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.