மாத்திரை எதற்கு, துடிப்பு ஏன் மாறியது?

கேள்வி: எனக்கு வயது 67; சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கிறேன். 15 ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கும் 8 ஆண்டுகளாக நீரிழிவுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற மாதம் பலதுறை மருந்தகத்தில் எடுத்த இசிஜியில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ இருப்பதாகச் சொல்லி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த இசிஜி சரியாக இருந்தது. நெஞ்சுவலியோ படபடப்போ எனக்கு இல்லை. இரத்த அழுத்தம் இதயத்தின் மின்னோட்டத்தை எப்படி மாற்றும்? தொல்லையே இல்லாதபோது மாத்திரை எதற்கு? இரத்தக்கசிவுக்குப் பயந்து இன்னும் தொடங்கவில்லை.

பதில்: உங்கள் முதல் கேள்விக்கான விளக்கத்திலேயே இரண்டாவதற்கும் விடை இருப்பதால், சற்றுப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு, ஓய்வு நேரத்தில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டலை எழுப்புகிறது. அது இரு மேலறைகளிலும் பரவி, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே உள்ள ஏவி கணுவில் சிறிது தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறைகள் தம்மிடமுள்ள இரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க அந்தத் தாமதமே அவகாசம் தருகிறது. இந்த மின்னோட்டம் கம்பியில் ஓடும் மின்சாரத்தைப் போன்றதன்று. சோடியம், கால்சியம், பொட்டாசியம் அயனிகள் தசைச் செல்களின் நுண்வாயில்கள் வழியே உள்ளே வந்தும் வெளியேறியும், ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குக் கைமாற்றி விடுவது அது. ஆகவே தசை மாறினால் அதில் செல்லும் மின்தூண்டலின் வழியும் வேகமும் மாறிவிடும்.

பல ஆண்டுகளாக உயர் அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளிய இடது கீழறையின் சுவர் தடித்து விறைப்பாகிறது. விறைத்த அறைக்குள் இரத்தத்தை இறக்க இடது மேலறை கூடுதலாக அழுத்த வேண்டியிருப்பதால், அதன் மெல்லிய சுவர் மெல்ல மெல்ல விரிகிறது. தசை நார்களுக்கிடையே தழும்பு போன்ற நார்த்திசு படிகிறது. நீரிழிவும் இந்தப் படிவை ஊக்குவிக்கிறது. நார்த்திசு மின்தூண்டலைக் கடத்தாது. நேராகப் பரவ வேண்டிய அலை அதைச் சுற்றி வளைந்து, சில இடங்களில் தாமதித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் சுழலத் தொடங்குகிறது. நுரையீரல் சிரைகள் மேலறையோடு இணையும் இடத்திலிருந்து எழும் தாறுமாறான தூண்டல்களே பெரும்பாலும் இதற்குத் தொடக்கம் என்பதை பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998இல் காட்டினார்கள்.

இவ்வாறு குழம்பிய மேலறைகள் நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேல் வெறுமனே நடுங்குகின்றன. இதுவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஏவி கணு அவற்றில் சிலவற்றை மட்டுமே கீழே அனுப்புவதால், உங்கள் நாடித்துடிப்பு ஒழுங்கற்றிருந்தாலும் மிகையான வேகத்தில் இல்லாமல் இருக்கலாம். படபடப்பை உணராததற்கு அது ஒரு காரணம். இந்நோய் தொடக்கத்தில் வந்து வந்து மறையும் இயல்புடையது. வழக்கமான இசிஜி பத்து நொடிகளை மட்டுமே பதிவு செய்வதால், மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்தது சரியாக இருந்தது என்பதை வைத்து அப்போது நோயே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. துடிப்பு தாறுமாறாக இருக்கும் காலம் நீள நீள, செல்களின் நுண்வாயில்களும் அதற்கேற்ப மாறிவிடுவதால், ஒழுங்குக்குத் திரும்புவது கடினமாகிறது.

தைராய்டு மிகைச் சுரப்பு, உறக்கத்தில் மூச்சு தடைபடுதல், மதுப்பழக்கம் ஆகியவையும் இதைத் தூண்டும். அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுத்தால், பொட்டாசியம் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மாத்திரை. நடுங்கும் மேலறை சரியாகச் சுருங்காததால், இடது மேலறையிலிருந்து பை போல நீண்டிருக்கும் சிறு இடத்தில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. படபடப்பு இருக்கிறதா இல்லையா என்பது இந்த ஆபத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. 65ஐக் கடந்த வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகிய மூன்றுமே மருத்துவர்கள் கணக்கில் எடுக்கும் காரணங்கள். மூன்றும் உங்களிடம் உள்ளன. மருந்து கொடுத்த மருத்துவரின் முடிவு சரி என்றே கருதுகிறேன்.

இரத்தக்கசிவு பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் உங்கள் நிலையில் உள்ள பெரும்பாலோருக்கு மாத்திரையின் நன்மையே கூடுதல். அஸ்பிரின் இதற்கு மாற்றாகாது. உங்களுக்குக் கொடுத்த மாத்திரை அபிக்சபான், ரிவரோக்சபான் போன்றவை என்றால் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்து அளவை முடிவு செய்வார்கள். வார்ஃபரின் என்றால், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு பொதுவாக 2 முதல் 3க்குள் இருக்க வேண்டும். வார்ஃபரினின் வேலையைக் கீரை பாதிக்கும் என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம், வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். ஜிங்கோ, டாங் குய் போன்ற மூலிகைகளை மருத்துவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். முன்பு வயிற்றுப்புண்ணோ கருப்பு மலமோ இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த தவணைக்குக் காத்திராமல் இந்த வாரமே மருந்தகத்துக்குச் சென்று, மாத்திரையைத் தொடங்கவில்லை என்பதைத் தெரிவியுங்கள்.

முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைக்குமாறு வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும், எந்த மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் அவர்கள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா என்பதை மருத்துவர்கள் அதை வைத்தே முடிவு செய்வார்கள்.