‘ஹாட் வாட்டர்’: மாமியாரும் புதுக் காரும்

வணக்கம்,

அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாயிடின் ‘ஹாட் வாட்டர்’ (1924) பார்த்தேன். புதுக் காரில் மனைவியோடு கிளம்புகிறவனின் வண்டியில் மாமியாரும் இரண்டு மச்சான்களும் ஏறிக்கொள்ளும் பகுதி பிரமாதம். ஆனால் டிராமில் வான்கோழி, கார், கடைசியில் பேய் என மூன்றும் ஒட்டவில்லை. எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவதும் கண்ணை உறுத்துகிறது. அந்தக் காலப் படங்களே அப்படித்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இல்லை, உங்கள் பிரதியின் வேகத்தில் கோளாறு இருக்கலாம். 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 ஃப்ரேம், அதாவது 16 தனிப்படங்கள். ஆயிரம் அடி ரீல், நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடினால் 11 நிமிடத்தில் தீரும். 18 என்றால் 15 நிமிடம் வரும். இது ஐந்து ரீல் படம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடவேண்டும். 50 நிமிடத்துக்குள் முடிந்தால் வேகம் கூடியிருக்கும், அல்லது எங்கோ வெட்டியிருப்பார்கள். வீட்டுக்குள் சாதாரணமாக நடப்பதே துள்ளலாகத் தெரிந்தால் வேகத்தை 0.85க்குக் குறைத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கார் அப்போதும் பறக்கும். அது வேண்டுமென்றே செய்தது. கேமராவின் கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, நொடிக்கு 16 ஃப்ரேமில் எடுத்ததை 22இல் ஓட்டினால், 30 மைலில் போகும் கார் 41 மைலில் போவதாகத் தெரியும்.

ஒட்டவில்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றிலும் நாயகன் சுமக்கிறான். டிராமில் கை நிறையப் பொட்டலங்கள், அதோடு பரிசுச் சீட்டில் விழுந்த உயிருள்ள வான்கோழி. 1919இல் நடந்த வெடிவிபத்தில் லாயிட் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தவர். உறை மாட்டித்தான் நடித்தார். எந்தப் பொட்டலத்தை எந்தக் கையில் பிடிக்கிறார் என்று அந்தக் காட்சியில் கவனியுங்கள், அசந்துபோவீர்கள். எதையும் உதறத் தெரியாதவன் இவன் என்பது அங்கேயே நமக்குப் பதிந்துவிடுகிறது. அதனால்தான் காரில் மாமியார் ஏறும்போது அவன் வாய் திறக்காதது நம்பும்படி இருக்கிறது. அவன் பொறுத்துக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் அடி வாங்குவது கார்தான். மாமியாராக வரும் ஜோசஃபின் குரோவெல் பின்னாலிருந்து அதட்டியே வண்டியை ஓட்டவைக்கிறார். கத்தும் மாமியாராக நடிப்பது சுலபம். தான் சொல்வதுதான் சரி என்று மனதார நம்பும் மாமியாராக வருவது கடினம். அவர் இரண்டாவது வகை.

மூன்றாம் பகுதி நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். குளோரோஃபார்மில் மயங்கிய மாமியாரைக் கொன்றுவிட்டதாக நினைத்து அவன் நடுங்குவதும், அவர் தூக்கத்தில் எழுந்து நடப்பதும் பத்து நிமிடம் குறைந்திருக்கலாம். ஆனால் அதைத் தனியாக எடுத்துவிட முடியாது. காரில் அவன் விழுங்கிய கோபம் அத்தனையும் வெளியே வருவது அங்கேதான்.