பேச்சு வராத மகனுக்கு எந்தப் படச் செயலி?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, ஆட்டிசம் உள்ளது. நாம் சொல்வது புரிகிறது. ஆனால் நாலைந்து சொற்களுக்கு மேல் வாயில் வருவதில்லை. படத்தைத் தொட்டால் பேசும் செயலியை வாங்கச் சொல்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். வெளிநாட்டுச் செயலிதான் சிறந்தது என்கிறார்கள் தெரிந்தவர்கள். அதற்குப் பழகிவிட்டால் பேச்சே வராமல் போய்விடும் என்று மாமியார் பயப்படுகிறார். என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் மாமியாரின் பயம். பேச்சுக்குத் துணையான இத்தகைய முறைகளைக் கற்ற 27 பேரைப் பற்றிய தரமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியானது. அவர்களில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சற்றே கூடியது. இதை அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் 'புரோலோகோ டூ கோ' நல்ல செயலிதான். ஆனால் அதன் விலை சுமார் 250 டாலர், ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்கும், தமிழ் பேசாது. உங்கள் வீட்டுக்கு அது எதற்கு? சென்னையில் உருவான 'ஆவாஸ்' தமிழிலும் பேசும், ஆண்ட்ராய்டிலும் இயங்கும். மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான 'ஜெல்லோ' இலவசம்.

எதுவானாலும், பணம் கட்டுமுன் இலவசச் சோதனைக் காலத்தில் நீங்களே உட்கார்ந்து தொட்டுப் பாருங்கள். ஆங்கிலச் சொல்வரிசைப்படி அடுக்கிய படங்களைத் தமிழில் தொட்டால், "நான் வேண்டும் தண்ணீர்" என்று வரக்கூடும். நம் வீட்டில் யார் அப்படிக் கேட்கிறார்கள்? "எனக்கு" என்ற சொல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? "அம்மாவிடம்", "பள்ளிக்கு" என்று உருபோடு சொல்ல முடிகிறதா? ரசம் சாதத்தையும் பாட்டி வீட்டையும் நீங்களே படம் எடுத்துச் சேர்க்க முடிகிறதா? இணையம் இல்லாத இடத்திலும் குரல் வருகிறதா? கருவி பழுதானால் சேர்த்த சொற்களை மீட்க வழி உண்டா? இவற்றையெல்லாம் பார்த்த பிறகே சந்தா கட்டுங்கள். ஆயுள் சந்தாவுக்கு இப்போது அவசரமே இல்லை.

பழகத் தொடங்கியபின் படங்களின் இடத்தை மாற்றாதீர்கள். நம் விரல் இருட்டிலும் சுவிட்சைக் கண்டுபிடிப்பதுபோல, குழந்தையின் விரலும் இடத்தை வைத்தே சொல்லைத் தேடிப் போகும். சாப்பாடு, பொம்மைப் படங்களை மட்டும் நிரப்பிவிடாமல் "போதும்", "வேண்டாம்", "இன்னும்", "வலிக்கிறது" ஆகியவற்றையும் முதல் பக்கத்திலேயே வையுங்கள். "வேண்டாம்" என்று சொல்ல வழியில்லாத குழந்தைதான் தட்டைத் தள்ளிவிடுகிறது. அதற்குப் பிடிவாதம் என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம்.

சாதாரண ஆண்ட்ராய்டு டேப்லெட் போதும். ஒலி மட்டும் உரக்க வரவேண்டும். அதில் யூடியூப் வேண்டாம். பாட்டுப் பெட்டியாகிவிட்டால் பிறகு பேச்சுக்கு அதை எடுக்கமாட்டான். தண்டனையாக ஒருபோதும் பிடுங்கி வைக்காதீர்கள், அது அவன் வாய்.

முதல் சில மாதங்கள் நீங்களும் மாமியாரும் பேசும்போதே படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். "சாதம் இன்னும் வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே "இன்னும்" படத்தைத் தொடுங்கள். அவன் பதில் தொடாவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம். முதல் பக்கத்தை அச்சிட்டு பிளாஸ்டிக் உறையிட்டுப் பள்ளிப்பையில் வைத்துவிடுங்கள். சார்ஜ் தீர்ந்த நாளில் அதைத் தொட்டுக் கேட்பான்.