பதின்மூன்று ஆண்டு இடைவெளியும் பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சம்பளமும்

கேள்வி: நான் எம்.காம். படித்தவள். சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2013-இல் மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, கணவரின் ஊரான காரைக்குடிக்கு வந்துவிட்டோம். இப்போது இங்கே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மாதம் 12,000 ரூபாய்க்கு அழைக்கிறார்கள். வேலையை விட்டபோது நான் வாங்கியது 24,000. என்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் வேலை கற்க வேண்டும். “இந்தப் பணத்துக்கா போகணும், வீட்டுல என்ன குறை?” என்கிறார் மாமியார். போகலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அன்புள்ள சகோதரி, போகலாம். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு நிபந்தனைகளை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் விட்டுவந்தது வாட் வரியும் சேவை வரியும் தனித்தனியே இருந்த காலம். 2017 ஜூலை 1-இல் அவற்றின் இடத்துக்கு ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் வணிகர் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தையும், 20-ஆம் தேதிக்குள் வரியுடன் 3பி என்னும் மாதச் சுருக்கப் படிவத்தையும் அளிக்க வேண்டும். சரக்கை விற்றவர் தம் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால்தான், வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை) 14-ஆம் தேதி வெளியாகும் 2பி அறிக்கையில் தெரியும். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை எதுவும் மாறவில்லை. உங்களுக்குத் தெரியாதது இந்த மாதாந்தரச் சுற்றுதான். வருமான வரியிலோ உங்கள் நிலை இன்னும் மேல். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால், பழைய பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்களும் உங்களைப் போலவே புதிதாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு மாதம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சம்பளம், கட்டணம் போன்றவற்றைக் கொடுக்கும்போது பிடித்தம் செய்த வரியைப் பெரும்பாலான மாதங்களில் 7-ஆம் தேதிக்குள் கட்டுவதும், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிகளில் தவணையாகக் கட்டும் முன்கூட்டிய வருமான வரியும், செப்டம்பர் இறுதியின் வரித் தணிக்கையும், டிசம்பர் 31-இன் ஜி.எஸ்.டி. ஆண்டறிக்கையும், மார்ச் முடிவும் ஒரு முறை கை வழியாகப் போனால்தான் இந்தத் தொழில் திரும்பக் கைக்கு வரும். மூன்று மாதச் சான்றிதழ் வகுப்புகளில் இது கிடைப்பதில்லை. அதற்குக் கட்டும் பணத்தை மிச்சப்படுத்துங்கள் என்பது என் கருத்து.

முதல் நிபந்தனை: பில் பதிவதற்கும் தொலைபேசி எடுப்பதற்கும் மட்டும் உங்களை உட்கார வைக்கக் கூடாது, நான்கைந்து வாடிக்கையாளர்களின் கணக்கை முதலிலிருந்து முடிவு வரை உங்கள் பொறுப்பில் விட வேண்டும். நம் பக்கத்துப் பலகாரக் கடைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தேன்குழலும் சீப்புச் சீடையும் உள்ளூரில் விற்றுக்கொண்டு, சிறு வணிகருக்கான ஜி.எஸ்.டி. காம்போசிஷன் திட்டத்தில் குறைந்த வரியுடன் நிம்மதியாக இருக்கிறார். பெங்களூருவிலிருந்து ஆர்டர் வந்து கூரியரில் அனுப்பலாம் என்று நினைக்கும்போதுதான் சிக்கல்: அத்திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. அதை முதல் பார்சல் போவதற்கு முன்பே அவரிடம் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அலுவலகத்தில் மதிப்பு. பில் பதிந்துகொண்டே இருப்பவருக்கு அந்தக் கேள்வி வந்து சேர்வதே இல்லை.

இரண்டாவது, ஆறாம் மாதத்தில் ஒரு முறையும் ஆண்டு முடிவில் ஒரு முறையும் சம்பளத்தைத் திருத்திப் பேசுவதாகக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட வேண்டாம். எழுதித் தர மறுத்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு அலுவலகம் பாருங்கள்.

இளையவரிடம் கற்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த நகரத்தார் கடைகளில், நல்ல வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் பெட்டியடியில் கடைநிலைப் பையனாக உட்கார்ந்து தொடங்கி, மேலாளுக்கு உதவும் அடுத்தாளாகி, பிறகே கடையை நடத்தும் மேலாளாகப் பொறுப்பேற்றார்கள். செட்டிநாட்டில் வாழ்ந்த உங்கள் மாமியாருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவரிடம் சம்பளத் தொகையைச் சொல்லி வாதாடாமல், ஓராண்டு கழித்து என்ன வேலை கிடைக்கும் என்பதைச் சொல்லிப் பாருங்கள்.

தன்விவரக் குறிப்பில் 2013 முதல் இன்று வரையுள்ள காலத்தை மறைக்காதீர்கள். ‘இல்ல நிர்வாகி’ என்று பதவிப் பெயர் சூட்டி நிரப்பும் இப்போதைய வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. குடும்பப் பொறுப்பால் இடைவெளி என்று ஒரு வரி போதும். சேர்வதற்கு முன் டேலி பிரைம் என்னும் கணக்கு மென்பொருளைக் கல்விப் பதிப்பாக இலவசமாக இறக்கிப் பழகுங்கள். மாதத்தின் சில தேதிகளுக்கு மட்டுமே அதில் பதிய முடியும் என்றாலும், டேலியின் பழைய பதிப்பான இ.ஆர்.பி. 9-இல் பழகிய கைக்கு அதுவே போதும். சென்னை நிறுவனத்தின் வைப்புநிதியை எடுக்காமல் விட்டிருந்தால், ஒருவரின் எல்லா வைப்புநிதிக் கணக்குகளுக்கும் பொதுவான யு.ஏ.என். எண் 2014-இல்தான் வந்தது என்பதால் உங்கள் பழைய கணக்கு அதனுடன் இணைந்திருக்காது. பழைய உறுப்பினர் எண்ணைத் தேடி எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. வரித் தணிக்கை முடியும் செப்டம்பர் கடைசி வாரத்தில் வீடு திரும்ப இரவு ஒன்பது மணியாகலாம். அந்த நாள்களில் இரவுச் சாப்பாட்டை யார் பார்ப்பது என்பதைச் சேரும் முன்பே கணவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.