"அது கிடக்கட்டும்" என்று எழுதினீர்களே

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் மகனுக்கு வரும் ஆவணியில் பன்னிரண்டு முடிகிறது. ஏழாம் வகுப்பு. நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். அப்பா எனக்காகச் சேர்த்து பைண்டு பண்ணிவைத்த பழைய கோகுலம், பூந்தளிர், அம்புலிமாமா தொகுப்புகள் பதினாறு என்னிடம் இருக்கின்றன. ரெக்ஸின் அட்டை, உள்ளே பின் எல்லாம் துருப்பிடித்துக் காகிதத்தில் கறை இறங்கியிருக்கும். மூன்று வீடு மாறியும் ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. அவன் இரண்டாம் வகுப்பிலிருந்து தினமும் ராத்திரி நான்தான் படித்துக் காட்டுவேன். குகை, புதையல், பாழடைந்த கோட்டை என்று வாயைப் பிளந்து கேட்டவன், இந்த ஆறு மாதமாகப் புத்தகத்தை எடுத்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். "அம்மா, ப்ளீஸ்" என்கிறான். அந்த ப்ளீஸ்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்பேன், நல்ல பழக்கம்தானே? இப்போது பதிலே சொல்வதில்லை. ஜப்பான் படக்கதை ஏதோ ஒன்றைப் பின்பக்கத்திலிருந்து புரட்டிப் படிக்கிறான். அதில் எல்லாரும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். நான் இரும்புக்கை மாயாவியைப் புவியியல் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவள், எனக்குப் படக்கதை மேல் விரோதமில்லை. ஆனால் இது குப்பை. அவர் என்னவென்றால், "வயசு அப்படி, விடு" என்று போய்விடுகிறார். பதினாறு வால்யூமையும் கட்டிலடியில் தள்ளிவிட்டான், தூசி படிகிறது.

நோட்டையெல்லாம் வேறு வீணாக்குகிறான். போன மாதம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வீட்டிலிருந்து கிளை நூலகம் வரை வழி போட்டு, எந்த முனையில் நாய் என்றுகூடக் குறித்து, 9 நிமிஷம் என்று எழுதிக்கொண்டுவந்து, சைக்கிளில் தனியாகப் போய்வரவா என்று கேட்டான். முடியாது என்றேன். நாலு வயசில் சித்திரைத் தேர்க் கூட்டத்தில் நாற்பது நிமிஷம் காணாமல் போனவன் அவன். கடைசியில் பார்த்தால் ஒரு பந்தலில் உட்கார்ந்து நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தான். அது கிடக்கட்டும். நான் கேட்பது, அவனை மறுபடி கதைக்குள் கொண்டுவர என்ன வழி? அந்தப் பதினாறு வால்யூமை நான் யாருக்குக் கொடுப்பது?

— பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

அதைக் கிடக்கவிட எனக்கு மனமில்லை. ஒரு பக்கம் முழுக்கப் பதினாறு வால்யூமைப் பற்றி எழுதிவிட்டு, அந்தச் சைக்கிளை நாலு வரியில் கடந்துவிட்டீர்கள்.

நீங்கள் ஐந்து வருஷமாகப் படித்துக் காட்டும் கதைகளில் அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவலில் பையனின் அப்பா தொடக்க அத்தியாயங்களிலேயே இறந்துபோகிறார். எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' சிறுவர் சாகசக் கதை வரிசை 1942-ல் தொடங்கும்போதே, பெற்றோர் தாங்கள் மட்டும் ஸ்காட்லாந்து போவதாகச் சொல்லிப் பிள்ளைகளை உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் சாகசம் நடக்காது, "அந்தக் குகைக்குள் போகாதே" என்பதோடு கதை முடிந்துவிடும். உங்கள் மகன் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருக்கிறான். நீங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் சொல்லாத பதிலைக் கணக்கு நோட்டில் எழுதிக் காட்டினான். நீங்கள் அதை நோட்டு வீணானதாகப் பார்த்தீர்கள்.

புதையல் தீவு பிறந்த விதமும் இதுதான். 1881-ல் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊரில், விடுமுறையும் மழையுமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்த தன் மனைவியின் மகனோடு ஸ்டீவன்சன் ஒரு தீவின் வரைபடத்தை வரைந்தார். கதை அதற்குப் பிறகு வந்தது. உங்கள் வீட்டில் வரைபடம் வந்துவிட்டது. நீங்கள் கதையை நிறுத்திவைத்திருக்கிறீர்கள்.

கோபம் வரலாம். தேர்க் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த நாற்பது நிமிஷம் என்னவென்று வெளியாள் யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அவன் மோர் குடித்துக்கொண்டிருந்தான். நீங்கள் மட்டும்தான் இன்னும் அந்த வீதியில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதுப் பையனை நாலு வயதுப் பையனின் கையைப் பிடிப்பதுபோல் பிடித்தால் அவன் உதறத்தான் செய்வான். வீட்டில் உதறுவதற்கு அவனுக்குக் கிடைத்தது ராத்திரிக் கதை ஒன்றுதான். உங்கள் பழைய புத்தகங்கள்மேல் அவனுக்கு வெறுப்பில்லை என்றே நினைக்கிறேன்.

அனுப்பலாமா என்றால், அனுப்பலாம். இரண்டு முறை அவன் முன்னால் போகட்டும், நீங்கள் இருபதடி பின்னால் வாயைத் திறக்காமல் போங்கள். தவறான சந்தில் திரும்பினாலும் திருத்தாதீர்கள், அவன் எப்படி மீள்கிறான் என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. சைக்கிளில் உட்கார்ந்தால் இரண்டு கால் விரல்களும் தரையில் பட வேண்டும். நிற்கும் காரின் கதவு திடீரென்று திறக்கும், ஒரு கை நீளம் தள்ளியே ஓட்டச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் எப்படியும் செயின் கழலும். பின்சக்கரப் பல்லில் மாட்டிவிட்டு, முன் பல்சக்கரத்தின் அடிப்பல்லில் பிடிக்கவைத்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் ஏறிவிடும். வீட்டு வாசலில் மூன்று முறை கழற்றி மாட்டிப் பழக்கிவிடுங்கள், கையெல்லாம் கரியாகட்டும். உங்கள் எண் மனப்பாடமாக இருக்கட்டும், சட்டைப் பையில் ஐம்பது ரூபாய். போய்வர முக்கால் மணி என்று அவனோடு பேசி முடிவுசெய்யுங்கள். ஒரு மணி நேரம் வரை தேடப் புறப்படாதீர்கள். இந்தக் கடைசிப் பதினைந்து நிமிஷத்துக்குத்தான் உங்களுக்குப் பயிற்சி வேண்டும், அவனுக்கல்ல.

திருவிழா நாளில் வேண்டாம். காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறைக்கும் தனியாகக் கூடாது. கதையில் பிள்ளைகள் ஆற்றில் குதிப்பார்கள், காவிரியில் தண்ணீர் திறந்திருக்கும்போது இழுப்பு எங்கே என்று கரையிலிருந்து தெரியாது. இதில் நீங்கள் கறாராக இருப்பதில் தப்பே இல்லை. நூலகத்துக்குப் போகச் சரி என்ற வாயிலிருந்து வரும் "கூடாது" அவன் காதில் ஏறும்.

அந்த ஜப்பான் படக்கதை அப்படித்தான், வலமிருந்து இடமாகப் போகும். இரும்புக்கை மாயாவியும் 1960-களில் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் வந்து, 1972-ல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு இறங்கிய சரக்குத்தான். அதைக் குப்பை என்று யாரோ சொன்னதால்தானே புவியியல் புத்தகத்துக்குள் போயிற்று?

ராத்திரிப் படிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அவனாகக் கேட்டால் பதினைந்து நிமிஷம், பத்திரிகையில் "தொடரும்" போட்ட இடத்தில் மூடிவிடுங்கள். இரண்டு இதழில் வந்த தொடரை ஒரே ராத்திரியில் ஓட்டினால் அந்த எழுத்தாளர் கஷ்டப்பட்டு வைத்த முடிச்சு வீணாகிவிடும். வால்யூமைக் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். என்ன தெரிந்துகொண்டாய் என்ற கேள்வி இனி வேண்டவே வேண்டாம். பழைய கதைகளில் காட்டுவாசிகளைப் பற்றியும் கறுப்பான முகங்களைப் பற்றியும் வரும் சில வரிகள் இன்று உறுத்தும். அவன் அதைப் பார்த்து முகம் சுளித்தால் உங்கள் அப்பாவின் ரசனையைக் காப்பாற்ற இறங்காதீர்கள், சேர்ந்து சுளியுங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்று கேட்டீர்கள். அவை உங்களுடையவை. அவனுக்காகப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு நீங்களும்தானே ஐந்து வருஷமாகப் படித்தீர்கள்? கட்டிலடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, அவன் நூலகம் போயிருக்கும் அந்த முக்கால் மணியில் ஒன்றைப் பிரித்து உட்காருங்கள்.

கணக்கு நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். நாய் முனை மாறிப் படுத்திருந்தால் அவன் திருத்த வேண்டியிருக்கும்.