யூ கமிங், யுவர் கமிங்

கேள்வி: அலுவலக மடலில் 'ஐ அப்ரிஷியேட் யூ கமிங்' என்று எழுதினேன். மேலதிகாரி அதை 'யுவர் கமிங்' என்று எல்லோர் முன்னிலையிலும் திருத்தினார். நான் எழுதியது பிழையா?

பதில்: 'எல்லோர் முன்னிலையிலும்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இலக்கணப் பிழையைத் தனியே அழைத்துக் காதோடு சொன்னதாகச் சரித்திரமே இல்லை. வேடிக்கை பார்க்க நாலு பேர் வேண்டும்.

உங்கள் மேலதிகாரிக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. இங்கிலாந்தின் மொழிநடை நூலாசிரியர் ஹென்றி ஃபௌலர், 1906இல் தம்பியோடு எழுதிய 'தி கிங்ஸ் இங்கிலிஷ்' நூலில் 'யூ கமிங்' வகைக்கு 'ஃபியூஸ்ட் பார்ட்டிசிபிள்' (ஒட்டிப்போன எச்சம்) என்று பெயர் வைத்துத் தூற்றினார். ஆளைப் பாராட்டுகிறீர்களா, வருகையையா, இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே என்பது அவர் வழக்கு. 1926இல் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் எதிர்த்து எழுதினார். ஆங்கிலேயருக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஒரு டேனிஷ்காரர்! எடுத்துக்காட்டுகளை அள்ளிக் கொட்டினார். போகிற போக்கில் ஃபௌலரைப் பிறவி இலக்கண நீதிபோதகர் என்று ஒரு குத்தும் விட்டார். ஃபௌலர் சளைக்கவில்லை. 1927இல் எழுதிய மறுப்பில் அந்த வசவைத் தலைப்பிலேயே போட்டுக்கொண்டார்! திட்டைப் பட்டமாக்கிக்கொள்ளும் அந்தத் தெம்பு உங்கள் மேலதிகாரிக்கு இருக்குமா?

பிழை இல்லை, நடைதான் வேறு. பேச்சில் 'யூ', முறைப்படியான மடலில் 'யுவர்'. அவ்வளவுதான். நம் மொழியில் 'நீ வந்ததில் மகிழ்ச்சி', 'உன் வருகையில் மகிழ்ச்சி' இரண்டும் சண்டையில்லாமல் ஓடுகின்றன. 'யுவர்'தான் எங்கும் விதி என்று அவர் அடம்பிடித்தால், 'தி சான்ஸ் ஆஃப் தட் ஹாப்பனிங்' என்பதைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். 'யூ'வுக்கு 'யுவர்' போல 'தட்'டுக்கு ஒரு வடிவம் அங்கே கிடையாது. 'தட்ஸ்' என்று அவர் தடுமாறுவதை எல்லோர் முன்னிலையிலும் ரசிக்கலாம்.

ஒரு நுட்பம் மட்டும் உதவும். 'ஐ டிஸ்லைக் யுவர் கரெக்டிங் மீ' என்றால் திருத்துவது மட்டும் பிடிக்கவில்லை. 'யூ கரெக்டிங் மீ' என்றால் ஃபௌலர் கணக்கில் ஆளும் சேர்த்தி. ராஜினாமாக் கடிதத்தில் எதை எழுதுவது என்பது அடுத்த வேலை உறுதியாகிவிட்டதா என்பதைப் பொறுத்தது.

திருத்துவோர் பேச்சு வந்ததால் இன்னொன்று. இதழ்தோறும் ஒற்றுப்பிழைப் பட்டியல் அனுப்பும் அன்பர் கவனிக்க: போன முறை உறையின் மேல் 'கேள்விப்பதில் பகுதி' என்று எழுதியிருந்தீர்கள். அது 'கேள்வியும் பதிலும்' என்று விரியும் உம்மைத்தொகை; உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது ஐயா.