ரயில் சன்னலுக்கு வெளியே தாவும் கண்கள்

கேள்வி: எனக்கு வயது 61. பத்தாண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அண்மையில் சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு சென்றபோது, எதிரே அமர்ந்திருந்த என் மகள், "அப்பா, உங்கள் கண்கள் இரண்டும் துடிக்கின்றன" என்று பதறினாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் எவ்வளவு நேரம் பார்த்தும் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ரயில் நின்ற பிறகு நடைமேடை சற்று நேரம் மெல்ல நகர்வதுபோலவும் தோன்றுகிறது. இது நரம்புக் கோளாறா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அளவில் இவை நோயின் அடையாளங்கள் அல்ல. ஆனாலும் உங்கள் மகள் கண்டது உண்மை. அதை அவருடைய கற்பனை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

நாம் தெளிவாகக் காண்பது விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய பகுதியால்தான். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால், அந்த நகம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவே கூர்மையாகத் தெரியும் பரப்பு. ஆகவே நகரும் பொருளொன்றைத் தெளிவாகக் காண வேண்டுமானால், அதன் பிம்பம் அந்தச் சிறு பகுதியை விட்டு விலகாதபடி கண்ணும் கூடவே நகர்ந்தாக வேண்டும். காத்திப் நிலையத்தைத் தாண்டியதும் வரும் மரங்களில் ஒன்றை உங்கள் கண்கள் பற்றிக்கொண்டு அது பின்னோக்கிச் செல்லும் திசையிலேயே சீராகத் தொடர்கின்றன; அதற்கு மேல் திரும்ப இயலாத நிலை வருமுன் சட்டென முன்னோக்கித் தாவி அடுத்த மரத்தைப் பற்றுகின்றன. மெதுவாகத் தொடர்வதும் விரைவாகத் தாவுவதும் மாறி மாறி நிகழ்வதையே உங்கள் மகள் துடிப்பு என்று கண்டார். அவர் சன்னலோரம் அமர்ந்து வெளியே பார்த்திருந்தால், அவருடைய கண்களிலும் நீங்கள் இதையே கண்டிருப்பீர்கள். மருத்துவர்கள் கோடுகள் வரைந்த உருளையைச் சுழற்றி இந்த அசைவை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்ப்பதுண்டு. அது தோன்றுவதுதான் நலத்தின் அறிகுறி.

கண்ணாடியில் ஏன் தெரியவில்லை என்ற உங்கள் ஐயம் அருமையானது. ஓடும் காட்சி எதுவும் இல்லாததால், வீட்டில் அந்தத் துடிப்பு வரவே காரணமில்லை. ஆனால் கண்ணாடியில் உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாலும் கண்கள் அசைவதை நீங்கள் காண மாட்டீர்கள். பெரிய தாவலின்போது விழி நொடிக்கு 500 பாகைக்கும் மேற்பட்ட வேகத்தில் சுழல்கிறது. அந்தக் கணத்தில் விழித்திரையில் இழுபடும் மங்கலான காட்சியை மூளை நம் உணர்வுக்கு எட்டாமல் அடக்கிவிடுகிறது. இல்லையேல் ஒவ்வொரு தாவலிலும் உலகமே குலுங்குவதுபோல் இருக்கும். இதையே கைத்தொலைபேசியில் காணொளியாகப் பதிவு செய்து பார்த்தால் கண்கள் தாவுவது நன்றாகத் தெரியும்.

நடைமேடை நகர்வதுபோல் தோன்றுவதும் பழைய செய்திதான். 1834ஆம் ஆண்டு ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்திலுள்ள ஃபாயர்ஸ் அருவியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைகளை நோக்கியபோது, அவை மேல்நோக்கி நகர்வதாகக் கண்டு அதை எழுதிவைத்தார். ஒரு திசை அசைவை உணரும் நரம்பணுக்கள் நெடுநேரம் வேலை செய்து தளர்ந்திருக்கும்போது, எதிர்த்திசைக்கு உரியவற்றின் குரல் மேலோங்குகிறது. சில நொடிகளில் சமநிலை திரும்பிவிடும்.

எது கவலைக்குரியது என்பதைச் சொல்ல வேண்டியது என் கடமை. அசையாத பொருளை நேராகப் பார்க்கும்போதும் கண்கள் துடித்தால், நடக்கும்போது கடைப் பலகையின் எழுத்துகள் ஆடினால், பக்கவாட்டில் பார்க்கையில் ஒன்று இரண்டாகத் தெரிந்தால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரைக் காண வேண்டும். உங்களைப் போல் நீரிழிவு உள்ளவர்களுக்கு, கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாவது மண்டை நரம்பு பாதிக்கப்பட்டு இரட்டைப் பார்வை வருவதுண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் அது குணமாகும், என்றாலும் வேறு காரணம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். இரட்டைப் பார்வையோ தள்ளாட்டமோ திடீரென வந்தால், அல்லது வாய் கோணி நாக்குக் குழறினால், மருந்தகம் திறக்கும்வரை காத்திராமல் உடனே 995 என்ற அவசர மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள்.

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்யலாம். சுவரிலுள்ள நாட்காட்டியின் ஒரு தேதியை நீங்கள் பத்து நொடி பார்த்திருக்க, மகள் உங்கள் கண்களைக் கவனிக்கட்டும். கடைக்கோடிக்குத் திருப்பிப் பார்க்கும்போது ஓரிரு துடிப்புகள் வருவது பலருக்கும் இயல்பு. நேர்ப்பார்வையில் கண்கள் அமைதியாக இருக்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்காக எடுக்கப்படும் கண் படம் விழித்திரையை மட்டுமே காட்டும், கண் அசைவைச் சோதிக்காது. எனவே அடுத்த முறை செல்லும்போது, இந்தச் சோதனையில் மகள் கண்டதை மருத்துவரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள்.